மூன்று எண்களும் ஓர் ஆம்-இல்லையும்: யுஎஸ்பி எக்ஸ்டெண்டர் தயாரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

யுஎஸ்பி எக்ஸ்டெண்டர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் வியாபாரமே அந்த வரம்பில்தான் நிற்கிறது: அதைத் தாண்டி யுஎஸ்பி இணைப்பை நெட்வொர்க் கேபிள் வழியாக நீட்டித் தரும் கருவிதானே எக்ஸ்டெண்டர். பெட்டியில் ‘யுஎஸ்பி 2.0 கம்பாட்டிபிள், 50 மீட்டர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி, 40 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் கிரிம்ப் செய்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டுச் சீலிங்கை மூடுகிறோம். மவுஸ் ஓடுகிறது. கேமராவில் வெறும் கறுப்புத் திரை.

காரணம் ‘கம்பாட்டிபிள்’ என்ற அந்த ஒரு சொல். உள்ளே ஓடுவது நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1998-இன் யுஎஸ்பி 1.1 வேகம். 2000-இல் வந்த 2.0-வின் உச்ச வேகம் 480. 2.0 சாதனங்கள் பல 12-க்கும் இறங்கி வரும் என்பதால் நீங்கள் எழுதியது பொய்யென்று யாரும் வழக்குப் போட முடியாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 640×480 படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 முறை அனுப்பும் கேமராவுக்கு 147 மெகாபிட் வேண்டும். அதைப் பன்னிரண்டுக்குள் எப்படி அடைப்பது என்று பெட்டியின் ஓரத்திலாவது எழுதியிருக்கலாம்.

அடுத்தது மின்சாரம். எக்ஸ்டெண்டர்களில் ஒரு வகை, கேபிளின் இரு முனையிலும் மாட்டும், சிப் எதுவும் இல்லாத ஜோடி அடாப்டர்கள். அவை யுஎஸ்பியின் 5 வோல்ட்டையும் அதே கேபிளின் மெல்லிய கம்பி வழியாகவே அனுப்புகின்றன. 24 கேஜ் தடிமனுள்ள செம்புக்கம்பிக்கு 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 ஓம். போக 40, வர 40 என்று 80 மீட்டர் போட்டால் 6.8 ஓம். சாதனம் 100 மில்லியாம்பியர் இழுத்தால் மறுமுனையில் 4.3 வோல்ட் மிஞ்சும். மவுஸ் எப்படியோ சமாளித்துவிடும். 500 இழுக்கப் பார்த்தால் 3.4 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். ஹார்டு டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்டிவிட்டு அடங்கும், கணினியோ சாதனம் வந்தது, போனது என்று மணியடித்துக்கொண்டே இருக்கும். கேபிள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழி மட்டும் கேபிள் இழுத்தவன் தலையில்.

சிப் வைத்த எக்ஸ்டெண்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. கணினி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நெடுநேரம் காத்திருக்காது. 480 வேகத்தில் அதன் பொறுமை 816 பிட் நேரம், அதாவது சுமார் 1.7 மைக்ரோ நொடி. கம்பியில் போய்வரும் நேரமும் சிப்புகளின் தாமதமும் சேர்ந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். அதனால் இந்தப் பக்கத்துச் சிப், ‘இன்னும் தயாராகவில்லை, பிறகு கேள்’ என்று சொல்லிக்கொண்டே மறுமுனையிலிருந்து தரவை வரவழைத்து வைக்கிறது. பென் டிரைவுக்கு அது போதும். நேரம் தவறாமல் வரவேண்டிய கேமராவுக்கும் மைக்குக்கும் அந்தச் சாக்கு செல்லாது. அவற்றுக்கான ஐசோக்ரனஸ் (சீரான நேரத்தில் தரவு அனுப்பும் முறை) ஆதரவு தனியாக வேண்டும். அது இருக்கிறதா என்பதைப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் தெரிவதில்லை. ‘பிளக் அண்ட் பிளே’ என்பது மட்டும் மின்னல் படத்தோடு கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிளக் செய்வது எங்கள் பாடு, பிளே ஆவது கடவுள் பாடு.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? 2008-இல் 3.0 என்று வந்த அதே 5 ஜிகாபிட்டுக்கு 3.1 ஜென் 1, பிறகு 3.2 ஜென் 1 என்று தரநிலைக்காரர்களே பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெயரைப் பார்த்து வேகம் கண்டுபிடிக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

ஆகவே பணிவாகக் கேட்பது இதுதான். பெட்டியின் முன்பக்கத்தில் மூன்று எண்களை அச்சிடுங்கள்: உண்மையான வேகம், அந்த வேகம் எந்தக் கேபிளில் எத்தனை மீட்டர் வரை நிற்கும், மறுமுனையில் கிடைக்கும் மில்லியாம்பியர். கூடவே கேமராவும் மைக்கும் ஓடுமா என்பதற்கு ஓர் ஆம் அல்லது இல்லை. நெட்வொர்க் கேபிள் சொருகும் ஆர்ஜே45 துளையைப் பார்த்து நெட்வொர்க் சுவிட்சில் சொருகுபவர்களுக்காக, நேரடிக் கேபிள் மட்டும்தான் என்றால் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி. 12 மெகாபிட் என்றால் 12 என்றே போடுங்கள். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது தாராளம், தெரிந்தேதான் வாங்கிக்கொள்வோம்.

தயவுசெய்து அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது ‘கம்பாட்டிபிள்’ இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சீலிங்கை இரண்டாம் முறை கழற்றிக்கொண்டிருக்கும் கேபிள்காரர்கள்