செப்டம்பர் 26: ஹென்சன் கண்காட்சிக்குப் போகிறோம்

மப்பெட் சொந்தங்களுக்கு வணக்கம்!

மப்பெட் கைப்பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் பிறந்து, வரும் செப்டம்பர் 24 அன்று 90 ஆண்டுகள் ஆகின்றன. அதையொட்டி, 26 சனிக்கிழமை நியூயார்க் அஸ்டோரியாவில் உள்ள மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜில் குடும்பத்தோடு கூடுகிறோம். தவளை கெர்மிட், பன்றி மிஸ் பிக்கி என்று நம் பொம்மைகள் எல்லாரும் அங்கே, ஹென்சன் கண்காட்சியில், நிரந்தரமாக இருக்கிறார்கள்.

1. எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன என்று செப்டம்பர் 12க்குள் இங்கேயே சொல்லுங்கள். டிக்கெட்டை மொத்தமாக எடுக்க வேண்டும்.

2. மதியம் 12.15க்கு வாசலில் இருங்கள். ஆர் ரயிலில் வந்தால் ஸ்டைன்வே ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள்.

3. குழந்தைகள் கேமரா முன் பொம்மையை ஆட்டிப் பார்க்கலாம். இதை விட்டுவிடாதீர்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, மானிட்டரைப் பார்த்தே ஆட்ட வேண்டும். கண்ணாடி மாதிரி இருக்காது, இடமும் வலமும் மாறித் தெரியும். இரண்டு நிமிடத்தில் தோள் வலிக்கும். அப்போதுதான் மப்பெட்களை ஆட்டும் கலைஞர்களின் உழைப்பு புரியும்.

4. ஹென்சனின் 'தி மப்பெட் ஷோ' தொலைக்காட்சித் தொடருக்கும் இது 50ஆவது ஆண்டு. வருமுன் ஒரு எபிசோடாவது பிள்ளைகளோடு பாருங்கள்.

வர முடியாதவர்களும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.