மாமாவின் கடன் விஷயமாக

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சத்தம் போட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "சிக்கன கடனுதவுச் சங்கத்து இயக்குநர் சபையில இருக்கிறீங்க, கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு கடன் எடுத்துக் குடுக்க ஏலாதா?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மாமா வள்ளத்து எஞ்சினை மாற்ற நாலு லட்சம் கேட்டுச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கூட்டத்தில் அவன் பெயரை வாசித்ததும் நான் எழும்பி, "இது என் சகோதரனுடைய விண்ணப்பம், நான் இருக்கமாட்டேன்" என்று சொன்னேன். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்லிவிட்டு வெளியே வந்து வேம்புக்குக் கீழே நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது முடிவாகியிருந்தது. பழைய கடனில் ஐந்து மாதத் தவணை நிலுவை. நிலுவை உள்ளவருக்குப் புதுக் கடன் இல்லை என்று எங்கள் சங்கத்தின் உபவிதியில் இருக்கிறது. இல்லை என்றுவிட்டார்கள்.

மாமா வீட்டு வாசலில் நின்று சொன்னான்: "நீ எழும்பிப் போகாமல் இருந்திருந்தா ஒருத்தரும் வாய் திறந்திருக்க மாட்டினம்." அவன் சொன்னது உண்மைதான். அதனால்தான் எழும்பிப் போனேன்.

சபையில் இருக்கிறேன் என்றால் பெட்டிச் சாவி என் கையில் இருக்கிறது என்று நீயும் நினைக்கிறாய். அந்த மேசையைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும் நேரத்தில்தான் நாங்கள் சபை. சாம்பல்தீவுச் சந்தியில் என்னை மறித்துக் கடன் கேட்கிற ஆளுக்கு நான் இன்னொரு அங்கத்தவர், அவ்வளவுதான். கூட்டத்தில் எதிர்த்துக் கத்தலாம், கத்தியும் இருக்கிறேன். முடிவு எடுத்த பிறகு வெளியே வந்து "நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்" என்று நல்ல பெயர் வாங்கக்கூடாது. இதில் ஒரு தரம் நானே தவறியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் படிப்புக் கடனை மறுத்தபோது தாயின் முகத்தைப் பார்க்க ஏலாமல் மற்றவர்களின் தலையில் போட்டுவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழையொன்றும் உண்டு. அப்பாவுக்குக் கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. சபைக்குத் தெரிவான முதல் வருடம் கணக்கு அறிக்கை மேசைக்கு வரும், பிளேன்ரீயும் ரோல்ஸும் வரும், கையொப்பம் வைப்பேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். வரவும் செலவும் சரியாகக் கூட்டுப்பட்டிருந்தால் கணக்குச் சரி என்று நினைத்தேன். ஒருநாள் கடன் பட்டியலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒருவரின் பெயரைக் கண்டேன். போன மாதம் புதுக் கடன் எடுத்ததாக இருந்தது. அவரோ நயா பைசா கையில் காணவில்லை என்றார். பழைய கடன் கட்ட ஏலாமல் கிடந்திருக்கிறது. அதை மூடுவதற்குக் கடுதாசியில் ஒரு புதுக் கடன் எழுதியிருக்கிறார்கள். நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போய்விட்டது. தேடிப் பார்த்தால் அப்படிப் பதினொரு பேர்.

களவு என்று ஒன்றும் இல்லை, தம்பி. எல்லாம் இரக்கத்தில் செய்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும். கடலுக்குப் போனாலும் எண்ணெய்க் காசு வராது என்று வள்ளங்களைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யாரால் தவணை கட்ட ஏலும்? ஆனால் இரக்கப்பட்டு எழுதினாலும் பொய்க் கணக்குப் பொய்க் கணக்குத்தான். அதற்குக் கீழே என்னுடைய கையொப்பம் இருந்தது. தவணையை நீட்டித்து, நீட்டித்தோம் என்று எழுதி, பொதுக்கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு அப்படித்தான் செய்தோம். அந்தப் பொதுக்கூட்டத்தில் நாங்கள் வாங்கிய பேச்சை எழுத ஒரு கொப்பி வேணும்.

அப்போதுதான் சேமிப்புப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கடன் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சேமிப்புப் பக்கத்தில் காலையில் நீ வந்தால் உனக்கு இடியப்பம் அவித்துத் தருகிற அந்த அக்கா இருக்கிறா. கிழமைக்கு இருநூறு, முந்நூறு என்று போட்டு வைத்திருக்கிறா, மகளின் நல்ல காரியத்துக்காக. மாமாவுக்குக் கொடுக்கிற நாலு லட்சம் அங்கே இருந்துதான் வரவேணும். வேறே இடம் இல்லை.

இங்கே சனம் சங்கக் காசை அரசாங்கக் காசு என்று நினைக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. 1942இல் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை அம்மப்பா தொடங்கினால் சங்கக்கடைப் பங்கீட்டு அரிசியில்தான் கொண்டுபோய் முடிப்பார். அவர் அறிந்த சங்கம் மேலே இருந்து வந்ததைப் பங்கிடுகிற இடம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அப்படித்தான் வளர்ந்தன. எங்களுடைய சிக்கன கடனுதவுச் சங்கம் அப்படியில்லை. அங்கத்தவர் போட்ட காசுதான் அதன் முதல். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. நாங்கள் தாறுமாறாக நடந்தால் கூட்டுறவு ஆணையாளர் சபையைக் கலைக்கலாம். கலைத்தாலும் போன காசு வராது.

நீ கேட்பாய், இவ்வளவு சொல்கிறீர்களே, மாமா என்ன செய்வான் என்று. எனக்கும் தெரியாமல் இல்லை. அந்த எஞ்சின் போன மாசி தொடக்கம் இருமிக்கொண்டுதான் ஓடுகிறது. சல்லி ஊர்க் கரையில் அவன் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, கதைக்காமல் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கு உபவிதியெல்லாம் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

உனக்கு மனம் இருந்தால் அந்த ஐந்து மாதத் தவணையை நீ கொடு. எனக்கு அனுப்பாதே, நேரே அவனுக்கு அனுப்பு, ரசீதை அவன் பெயரில் எடுக்கச் சொல்லு. நிலுவை தீர்ந்தால் அவன் திரும்ப விண்ணப்பிக்கலாம், இரண்டு பிணையாளிகளோடு. அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்கு எதிராக வாக்குப் போடுவதாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். போடட்டும், அவனும் அங்கத்தவன்தான். ஆனால் தீபாவளிக்கு இங்கே வரச்சொல்லி நீ ஒருக்கால் அவனோடு கதை, நான் கூப்பிட்டால் வரமாட்டான்.

அவன் விண்ணப்பம் திரும்ப வரும்போது கார்த்திகை ஆகிவிடும். அப்போதும் நான் வெளியேதான் நிற்கவேணும். மழைக்குக் குடை கொண்டு போவேன்.

அன்புடன்
அம்மா