ஆலோசகரை நியமியுங்கள், மைதானத்தையும் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்துக் கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அந்தப் பள்ளிகளின் தாளாளர்களும் தலைமையாசிரியர்களும், அவற்றில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரும் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்பதால், அவர்கள் கவனத்துக்கு ஒரு கருத்தைக் கொண்டுவர விரும்புகிறேன்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக ஒதுக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் கூறுகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்லும்போது, இத்தகைய உத்தரவு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பள்ளிகள் இதை மனமுவந்து ஏற்க வேண்டும். உளவியல் பயின்ற குருக்களும் அருட்சகோதரிகளும் நம்மிடையே இருப்பதால் வேறு பலரைவிட எளிதாகவே ஏற்கவும் முடியும்.

ஆனால் ஓர் அறையை ஒதுக்கி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, வாரத்தில் இரண்டு நாள் ஒருவரை அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று ஆண்கள் பள்ளிகள் எண்ணிவிடக் கூடாது என்பதே என் அச்சம். பதினான்கு வயதுப் பையன், மற்ற பையன்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த அறைக்குத் தானாக நடந்து போவதில்லை. போனவனுக்கு அன்று மாலைக்குள் ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். எதிரே உட்கார்ந்து ‘உனக்கு என்ன பிரச்சினை’ என்று பெரியவர் ஒருவர் கேட்டால் ‘ஒன்றும் இல்லை சார்’ என்பதுதான் அந்த வயதின் பதில். அதே பையன், ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டும்போதும், ஆண்டு விழாவுக்குப் பந்தல் தோரணம் கட்டும்போதும், விடுதியில் வரிசையாக நின்று தட்டுக் கழுவும்போதும், பக்கத்தில் நிற்பவரிடம் முகத்தைப் பார்க்காமலேயே, அப்பா குடித்துவிட்டு வருவதையும், அக்காள் படிப்பை நிறுத்தியதையும், தனக்குத் தூக்கம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுவான். ஆண்பிள்ளைகளுடன் பல்லாண்டு பழகிய எந்த உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆலோசகர் தேவை, ஆனால் அவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய பையன் யார் என்பது இப்படிப்பட்ட வேளைகளில்தான் தெரியவரும்.

இது நம் பள்ளிகளை நிறுவியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஏழைச் சிறுவர்களுக்காக இல்லங்களும் பள்ளிகளும் நடத்திய இத்தாலியக் குரு தொன் போஸ்கோ 1884 மே மாதம் ரோமிலிருந்து தூரின் நகரத்துத் தம் இல்லத்துக்கு எழுதிய கடிதத்தை இன்றைய பள்ளி நிர்வாகிகள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘சிறுவர்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும்’ என்ற கருத்தை அதிலிருந்து எடுத்துப் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடிதம் முழுவதும் பேசுவது மைதானத்தைப் பற்றி. முன்பெல்லாம் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு ஓடி விளையாடினார்கள், இப்போது ஓரமாக நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லது தூரத்திலிருந்து கண்காணிக்கிறார்கள். அதனால்தான் பிள்ளைகளின் முகத்தில் சோர்வும் சலிப்பும் தெரிகின்றன, பெரியவர்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று அவர் வருந்தி எழுதுகிறார். அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தபோது கொண்டுவந்த கல்விமுறையின் உயிர்நாடி இதுவே. இயேசு சபையினரும் பிற சபையினரும் வேறு சொற்களில் சொன்னாலும், ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியாக அறிந்திருத்தல் என்பதையே தங்கள் பள்ளிகளின் அடையாளமாகக் கருதி வந்திருக்கிறார்கள்.

அந்த மைதானம் இன்று என்ன நிலையில் இருக்கிறது? இடம் இருக்கிறது, பல பள்ளிகளில் நகரத்திலேயே பெரிய மைதானம் நம்முடையதுதான். நேரம்தான் இல்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு; உடற்கல்விப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது; ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புக்கான ஓட்டம் தொடங்கிவிடுகிறது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் தமிழக அரசு நிறுத்தியது, பிள்ளைகளுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. அந்த ஆண்டையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடப் பயன்படுத்தினால், பிள்ளைகளுக்குக் கிடைத்ததை நாமே பறித்தவர்களாவோம். தேர்ச்சி விகிதம் குறைந்தால் சேர்க்கை குறையும், சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும் என்ற அரசு உதவிபெறும் பள்ளிகளின் கவலை எனக்குத் தெரியாதது அன்று. அந்தக் கவலையின் நடுவிலும் வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் காப்பாற்ற முடியும் என்றே நம்புகிறேன்.

பள்ளி முடிந்த பின் விளையாடட்டும் என்று சொல்வது தீர்வாகாது. கிராமத்திலிருந்து வரும் பையனுக்கு டவுன் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் எப்போது என்பது பெரிய கேள்வி. மணி அடித்த பிறகு நடக்கும் விளையாட்டு, நகரத்துக்குள் வீடு இருப்பவனுக்கும் விடுதியில் இருப்பவனுக்கும் மட்டுமே உரியதாகிவிடும். ஆகவே கால அட்டவணைக்குள்ளேயே, கடைசிப் பாடவேளையாக, வகுப்பாசிரியரும் கூடவே மைதானத்துக்கு வரும் வகையில் அது இடம்பெற வேண்டும். வகுப்பாசிரியர் ஓடியாட வேண்டும் என்பதில்லை; மதிப்பெண் பதிவேடு கையில் இல்லாமல் அவர் அங்கே இருந்தாலே போதும்.

விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உவரி, இடிந்தகரை, பெரியதாழை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்தும், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்தும், பீடி சுற்றும் குடும்பங்களிலிருந்தும் பையன்கள் வந்து தங்கிப் படித்த போர்டிங்குகள்தான் நம் பள்ளிகளின் சமூக வாழ்வைத் தாங்கி நின்றவை. அங்கே படிப்பு நேரமும் விளையாட்டு நேரமும் செபமும் சாப்பாடும் துப்புரவு வேலையும் ஒரே ஒழுங்கில் நடந்தன. மூத்த மாணவனுக்கு இளையவனைக் கவனிக்கும் பொறுப்பு இருந்தது. துறவறப் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் சகோதரர்கள், அண்ணன் வயதில், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்டிப்பு மிகுதியாக இருந்ததும், பிரம்பு தாராளமாகப் பயன்பட்டதும் உண்மையே. அதைப் பெருமையாக நினைவுகூரும் பழைய மாணவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது சரியான செயல். பிரம்பைக் கைவிட்டோம், அதோடு உடனிருத்தலையும் கைவிட்டதுதான் தவறு. இன்று பல விடுதிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இருக்கும் பிள்ளைகளையும் ஒரே காப்பாளர், பள்ளியில் பாடமும் நடத்திக்கொண்டு, கட்டட வேலையையும் மேற்பார்த்துக்கொண்டு கவனிக்க வேண்டியிருக்கிறது. அப்பா ஆழ்கடலுக்கோ வளைகுடா நாட்டுக்கோ போயிருக்க, வீட்டில் பேச ஆண் துணை இல்லாத பிள்ளைகளே இன்றும் அந்த விடுதிகளுக்கு வருகிறார்கள்.

எங்கள் மாவட்டங்களில் மாணவர் நலன் என்று பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல், பெயரின் அகர வரிசையில் மாணவர்களை உட்காரவைத்தல், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமித்தல் ஆகிய பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910இலேயே இடித்த மரபுக்குச் சொந்தக்காரர்களான நாம், அரசாணைக்காகக் காத்திராமல் இவற்றை நம் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தலாம். விளையாட்டு தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஊரில் கபடிக் குழுக்களே தெருவாரியாக இருப்பதை நாம் அறிவோம். பையன்களையே அணி பிரிக்கச் சொன்னால் அதே தெருக்கள் மைதானத்துக்கும் வந்துவிடும். அணியை ஆசிரியர் பிரிக்க வேண்டும், ஆண்டு முழுவதும் அந்த அணி மாறாமல் இருக்க வேண்டும், தோல்வியையும் வெற்றியையும் அவர்கள் சேர்ந்தே சுமக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். தடுக்க வந்த ஆசிரியையும் காயமடைந்தார். பென்சில் தொடர்பாக இருவருக்கும் இடையே எழுந்த சச்சரவே காரணம் என்று காவல்துறை கூறியது. அந்தப் பள்ளியைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. எந்தப் பள்ளியிலும் நடந்திருக்கக் கூடியது அது. ஆனால் ஒரு வகுப்பில் இரண்டு பையன்கள் முகம்கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்பது முதலில் யார் கண்ணில் படும் என்று யோசித்துப் பார்த்தால், நான் சொல்ல வருவது விளங்கும். கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது தெரியாது. பந்தை ஒருவன் மற்றவனுக்குத் தராதபோது உடனே தெரியும்.

நம் பள்ளிகளில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் தனித்தனியாக நடப்பது வழக்கம். மதிப்பெண்ணுக்கு உட்படாத பாடவேளைகளுள் அதுவும் ஒன்று. மறைக்கல்வி தேவை, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு முறையாவது வகுப்பு முழுவதும், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும், ஒன்றாக அமர்ந்து, கோபம், பயம், கைப்பேசி, போதைப் பழக்கம், வீட்டுக் கஷ்டம் ஆகியவற்றைப் பேச அந்த நேரத்தை ஒதுக்கலாம். இளங்கிறித்தவ மாணவர் இயக்கம், சாரணர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை பெயரளவில் இல்லாமல் உண்மையாகக் கூடினால் இதற்குத் தலைமை தாங்க மாணவர்களே முன்வருவார்கள்.

இன்னொன்றை மிகுந்த பொறுப்புணர்வோடு சொல்கிறேன். பெரியவர்கள் பிள்ளைகளோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று கேட்பவன், அந்த நெருக்கத்துக்கு வரம்பும் பாதுகாப்பும் வேண்டும் என்றும் கேட்டாக வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட சட்டமும் குருக்களுக்கும் துறவியருக்கும் திருச்சபைக்குள் புகார் அளிக்கும் கடமையை விதித்தது. அப்படியிருக்க, விடுதிக் காப்பாளரும் புகாரைக் கேட்பவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்களாகவே இருப்பது முறையல்ல. புகார்ப் பெட்டியின் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் இருந்தால் அந்தப் பெட்டியில் கடிதம் விழாது; பெற்றோர் ஒருவரும் பெண் ஆசிரியர் ஒருவரும் உடனிருந்தே அது திறக்கப்பட வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் மாணவரின் பாவ அறிக்கையைக் கேட்கும் குருவே பள்ளி ஆலோசகராகவும் இருக்கக் கூடாது. இரண்டிலும் காக்க வேண்டிய இரகசியத்தின் தன்மை வேறு வேறு என்பதால் பையனுக்கும் குழப்பம், குருவுக்கும் சங்கடம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 ஆகிய இரண்டும் விடுதித் தாழ்வாரத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே மாணவர்கள் தனிமையில் பேசத் தொலைபேசி ஒன்றும் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உதவிபெறும் பள்ளிகளுக்கு அரசு ஆலோசகர் பணியிடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கோருவது நியாயமே. காலை உணவுத் திட்டத்தை நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் விரிவாக்கியபோது, அதை மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில்தான் தமிழக அரசு தொடங்கியது; ஆகவே நம் பிள்ளைகளை அரசு வேற்றுப் பிள்ளைகளாகக் கருதவில்லை. ஆலோசகர் பணியிடம் கிடைக்கும்வரை, நுழைவாயில் வளைவுகளுக்கும் வெள்ளிவிழாக் கல்வெட்டுகளுக்கும் நன்கொடை தரும் பழைய மாணவர் சங்கங்கள், ஆலோசகரின் ஊதியத்தையும் மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் சுண்டலையும் பொறுப்பேற்க முடியும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், மறைமாவட்டக் கல்விக் குழுக்களும் துறவற சபைகளின் மாநிலத் தலைவர்களும் ஒவ்வொரு பள்ளியின் கால அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன். அட்டவணையில் எழுதியிருக்கும் உடற்கல்விப் பாடவேளை மைதானத்தில் நடந்ததா, அங்கே வகுப்பாசிரியர் இருந்தாரா என்பதை, ஆய்வுக்கு வரும் அருட்தந்தையர் அலுவலகத்தில் கேட்காமல், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நேராகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.