நாகலாபுரம் ஓடையில் கூட்டிப்போன அண்ணனுக்கு நன்றி

ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலை ஓடையில் சென்னைக் குழுவைக் கூட்டிப்போன வழிகாட்டி அண்ணனுக்கு நன்றி. பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

ஓடையைக் கடக்குமுன் பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிடச் சொன்னார். விழுந்தால் பை நம்மைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, மூங்கில் கழியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக. இழுப்பு முட்டிக்கு மேல் போனால் திரும்பிவிடணும். ஈரமான கறுத்த பாறையை நம்பவே கூடாது, பாசி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மலைக்கு மேலே மழை, வெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தம். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே மேட்டுக்கு ஏறணும். செல்ஃபியெல்லாம் அப்புறம்!

அண்ணே, உங்கள் மூங்கில் கழி எங்களிடம்தான் இருக்கிறது.