காஷ்மீர் சுற்றுலா அழைத்துப் போகும் தமிழ் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டால் ஏரி, குல்மார்க், பஹல்காம், சோன்மார்க். உங்கள் பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கும் இடங்கள் இவை. அச்சிடாத ஒன்றும் உண்டு: சால்வைக் கடை. அங்கே ஒருவர் சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்து உருவிக் காட்டுவார். "ஒரிஜினல் பஷ்மினா" என்பார். பேரம் பேசினால் ஆயிரத்து ஐந்நூறுக்கு முடியும். என் சித்தியும் அப்படித்தான் வாங்கி வந்தார். கூட்டிப்போனவரே பக்கத்தில் நின்று தலையாட்டும்போது சித்தி எப்படிச் சந்தேகப்படுவார்?

விஸ்கோஸ் என்கிற செயற்கை இழையில் நெய்த மெல்லிய துணியும் மோதிரத்துக்குள் போகும். போதாக்குறைக்கு, மோதிரச் சால்வை என்று முதலில் பேர் வாங்கியது ஷாதூஷ். சிரு என்கிற திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் முடி. அதை விற்பது இன்று குற்றம்.

பஷ்மினா வேறு. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கு மேல், குளிரைத் தாங்க ஆட்டின் உடம்பில் வளரும் உள்முடி அது. குளிர் விட்டதும் சீப்பால் வாரி எடுப்பார்கள். இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான்தான். காஷ்மீர்ப் பெண்கள் அதை அரிசி மாவில் புரட்டிச் சுத்தம் செய்து, யிந்தர் என்னும் ராட்டையில் நூற்பார்கள். இயந்திரத்தில் போட்டால் இழை தாங்காது. அதனால் இயந்திரத்தில் நூற்பவர்கள் நைலான் கலந்து நூற்று, பிறகு அமிலத்தில் நைலானைக் கரைக்கிறார்கள். சால்வை வந்துவிடும், இழை நைந்திருக்கும். ராட்டைக்காரப் பெண்ணுக்கு வேலையும் இருக்காது.

கானி சால்வை இன்னும் பொறுமை கேட்பது. நிறத்துக்கு ஒன்றாக நூல் சுற்றிய மரக்குச்சிகள். எதிரே தாலிம் என்னும் குறியீட்டுத் தாள். எந்த நிறம் எத்தனை இழையைத் தாண்ட வேண்டும் என்று அதைப் படித்துப் படித்தே கோர்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், வேலைப்பாடு கூடினால் வருடங்களும் ஆகும்.

ஐரோப்பாவில் இந்தச் சால்வைக்குப் பெரிய மவுசு இருந்த காலத்திலும் நெய்தவர் நன்றாக வாழவில்லை. ஆப்கானியர் காலத்து தாக்-ஷால் என்னும் சால்வை வரி, பின்னால் வந்த டோக்ரா அரசர்களின் ஆட்சியிலும் விடவில்லை. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் நெசவாளர்கள் திரண்டு எதிர்த்தபோது படை விரட்டியது. இறந்தவர்கள் 28 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அடுத்து 1870-இல் பிரான்ஸ்-பிரஷ்யா போர் வந்து ஐரோப்பியச் சந்தையும் படுத்தது.

கமிஷனே வாங்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, உங்கள் தொழிலின் கஷ்டம் உங்களுக்கு. பொய்க்கு வாங்காதீர்கள். விஸ்கோஸ் என்றால் விஸ்கோஸ் என்று சொல்லி விற்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது, பிடித்தவர் வாங்குவார். பஷ்மினா என்று சொன்னால் புவிசார் குறியீட்டு முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008 முதல் அந்தப் பதிவு இருக்கிறது. கையால் நூற்று, கைத்தறியில் நெய்ததற்குத்தான் முத்திரை.

அப்புறம், குல்மார்க் போகிற வழியில்தான் கனிஹாமா இருக்கிறது. கானி நெசவுக்குப் பேர்போன கிராமம். பனிச்சறுக்குக்குக் கிளம்பும் நாளில் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போங்கள். தறி இருக்கும் அறைகள் சிறியவை.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவரின் அக்கா மகள்