முப்பது கெஜத்துக்குள் மட்டும்

கில்லெட், வயோமிங்
ஜூலை மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மான் போன்ற ப்ரான்ஹார்னை வேட்டையாடுவதற்கான குலுக்கலில் உனக்கு டேக், அதாவது அனுமதிச் சீட்டு, விழுந்த செய்தியில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் ஃபோனில் நீ சொன்ன இன்னொன்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மைதானத்தில் அறுபது கெஜத்திலும் தட்டு அளவுக்குள் அம்பைப் போடுகிறேன் என்றாய். கை அவ்வளவு தேறியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாப்பா, இலக்கு அட்டைக்குக் கால் கிடையாது.

உன் வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 270 அடி போகிறது என்று வைத்துக்கொள். அறுபது கெஜம் என்பது 180 அடி. முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. நாண் எழுப்பும் ஓசை அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ப்ரான்ஹார்ன் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பிராணி. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் புல்வெளியில் சிறுத்தை போன்ற வேகப்பூனை ஒன்று இருந்தது. அதனிடமிருந்து தப்பிப் பிழைத்த ஓட்டம் இது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். துரத்தியது அழிந்துபோனது, ஓட்டம் மட்டும் மிஞ்சிவிட்டது. அதற்கு ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

நான் போட்டுப் பார்க்கவில்லை. 2016இல் நீ கல்லூரியில் இருந்தாய். அந்த வருஷம் வீட்டில் ஏன் மான் கறி இல்லை என்று கேட்டாய், அமையவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

செப்டம்பர் முதல் வாரம். சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் தவழ்ந்து போயிருந்தேன். சப்பாத்திக்கள்ளி முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. அதற்குமேல் மறைவு இல்லை, மொட்டைத் தரை. கிடா பக்கவாட்டில் நின்றது. தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரில் 54 கெஜம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் என்னைக் கெடுத்தது. நாணை விட்ட அதே நொடியில் அது ஒரு அடி முன்னால் வைத்தது. தோளுக்குப் பின்னால் பட வேண்டியது வயிற்றில் பட்டது.

வயிற்றில் பட்டால் ஆறேழு மணி நேரம் கிட்டே போகக் கூடாது. எனக்கும் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் அரை மணியிலேயே பின்னால் போனேன், அது எழுந்து மறுபடி ஓடியது. ஒரு வேலியடியில் தடம் முடிந்தது. கீழ்க்கம்பியில் கொத்தாக வெள்ளை மயிர், அதில் பச்சையும் சிவப்புமாக ஈரம். இவை வேலியைத் தாண்டாது, கீழே நுழைந்துதான் போகும் என்று உனக்குத் தெரியும்; கீழ்க்கம்பியில் முள்ளை எடுத்துவிட்டு ஒன்றரை அடி உயர்த்துகிற வேலைக்கு நாம் இரண்டு பேரும் போயிருக்கிறோமே. அந்த வேலியில் யாரும் இன்னும் உயர்த்தவில்லை. காயத்தோடு அது அந்த முள்ளுக்கடியில் ஊர்ந்து போயிருக்கிறது.

அந்தப் பக்கம் பண்ணை நிலம். அடிபட்டதைத் தேடவும் அனுமதி வேண்டும். ஆறு மைல் வண்டி ஓட்டிப் போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெரியவர் திட்டவில்லை, டார்ச் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். இருட்டில் கிடைக்கவில்லை. காலையில் கிடைத்தது. நரி போன்ற கயோட்டிகள் இரவே முடித்திருந்தன. விலா எலும்பும் தோலும் கொம்பும்தான் மிச்சம்.

அன்றைக்கே டேக்கை மடித்து பீரோ இழுப்பறையில் வைத்துவிட்டேன். அந்த சீசனில் இன்னொன்றைத் தேடிப் போகவில்லை. வருஷா வருஷம் வடலூர் ஜோதிக்கு நடந்து போன உன் பாட்டிக்கு, நான் வேட்டைக்குப் போகிறேன் என்பதையே கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. உன்னிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

சரி, ஆகஸ்ட் 15க்கு வருவோம். நெய்வேலியில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் நாளில் இங்கே வில் சீசன் தொடங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை. இந்த முறை தவழ வேண்டாம், காற்றாலைப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி அருகே உட்காருவோம். போன வாரம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது. சேற்றில் புதுக் குளம்படிகள், பின்விரல் பதியாத இரண்டே பிளவு, மியூல் மான் அல்ல. மேற்குக் காற்றுதான், அதனால் தொட்டிக்குக் கிழக்கே பிளைண்டை, நாம் ஒளிந்து உட்காரும் மறைவை, போடலாம். வெயிலில் உள்ளே வெந்துபோவாய். புத்தகம் கொண்டு வா. ப்ரான்ஹார்ன் நூறு கெஜத்தில் நின்று பத்து நிமிஷம் பார்க்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். குடிக்க முன்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்தும்போது அந்தப் பெரிய கருப்புக் கண்ணின் இமைமயிர் கூடத் தெரியும். அப்போதும் அவசரப்படாதே. குடித்து முடித்துத் திரும்பி, சற்றே உனக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி நிற்கும் தருணம் வரும். முப்பது கெஜத்துக்குள் அந்தத் தருணம் வந்தால் மட்டும் விடு. வராவிட்டால் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம்.

தொட்டியிலிருந்து அரை மைலில் பொது நிலம் முடிகிறது. 1930களின் வறட்சியில் விவசாயம் நொடித்தவர்களிடம் அரசு துண்டு துண்டாகத் திரும்ப வாங்கிய மண் அல்லவா இந்தத் தண்டர் பேசின் புல்வெளி? வரைபடமும் ஒட்டுத்துணி மாதிரிதான் இருக்கும். வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள், அங்கே சிக்னல் கிடையாது. தனியார் நிலம் என்ற பலகை இல்லை என்பது இங்கே சாக்கு ஆகாது.

விழுந்துவிட்டால், அந்த வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. குடலை எடுத்து, தோலை உரித்து, ஐஸில் வைத்துவிட வேண்டும். இந்தக் கறி கவிச்சி அடிக்கிறது என்று சொல்கிறவர்கள் வண்டியின் பின்னால் வெயிலில் போட்டு ஊரைச் சுற்றியவர்கள். இரண்டு பெட்டி ஐஸ் நான் வாங்கி வைக்கிறேன். முதுகுக்கறிக்கு அம்மா இப்போதே மிளகு வறுத்து வைத்திருக்கிறாள், வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

14ஆம் தேதி இருட்டுவதற்குள் வந்துவிடு. எதற்கும் முழங்கால் கவசமும் எடுத்துக்கொள். அந்த டேக் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது, வந்ததும் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா