ஷென்யாங்கிலிருந்து செந்திலுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சீனாவின் இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் பாப்பாவின் காலேஜைப் பார்த்ததிலிருந்து முகத்தில் ஒரு தெளிச்சி. இங்கே வாட்ஸ்அப் வேலை செய்யாது, அதனால்தான் நீ பேசவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே நீ போனை எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

நேற்று பாப்பா தியேஷி பகுதிக்குக் கூட்டிப்போனாள். ஷென்யாங் வார்ப்பாலை இருந்த இடம் அது. 2007ல் ஆலையை வேறு இடத்துக்கு மாற்றி, 2012ல் அங்கேயே தொழில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்குக் கால் நகரவில்லை கண்ணு. இரும்பை உருக்கும் குபோலா உலைகள் அப்படியே நிற்கின்றன, மேலே கிரேன், கீழே உருகிய இரும்பை ஊற்றும் லேடில், அதன் மூக்கில் கசடு கெட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. நம் கோவை கணபதியில் நாங்கள் வார்ப்பு ஊற்றியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெய்ஜிங்கில் தியானன்மென் வாசலில் 1951ல் மாட்டிய உலோகச் சின்னத்தை வார்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அப்படிப்பட்ட கைகள்.

இதே ஷென்யாங்கில்தான் 1986ல் ஓர் ஆலையைத் திவால் என்று அறிவித்தார்கள், மக்கள் சீனாவில் அதுதான் முதல் தடவை. அப்புறம் தொண்ணூறுகளின் கடைசியில் ஆலை ஆலையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேலை, வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் எல்லாமே ஆலை தந்ததுதான், வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று நம்பி இருந்தவர்கள். லேத்தில் கை தேர்ந்தவன் தெருவோரம் கடை போட்டான், சிலர் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார்கள். அவர்களில் யாரும் வேலை தெரியாமல் வெளியே வந்தவர்கள் இல்லை செந்தில். இதை நான் உனக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று உனக்கே புரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் நீ, அப்பிச்சி அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்கு மறக்காது, ஆனால் பெரியப்பா வீட்டு விசேஷத்துக்கு நீ வராமல் இருந்தது மட்டும் சரியில்லை. நாலு பேர் கேட்டார்கள், ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். மாமா பெங்களூரில் உன்னைப் பார்த்ததை என்னிடம் சொன்னார், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மாமா மேல் கோபப்படாதே. தவணையை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, என் பி.எஃப். பணம் பேங்கில் சும்மாதான் கிடக்கிறது. சாப்பாட்டை மட்டும் விடாதே.

நாங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி கோவை வந்துவிடுவோம். சனிக்கிழமை நீ பஸ் ஏறி வீட்டுக்கு வா, லீவு கிடைக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. வரும்போது வீட்டு லோன் பேப்பர்களையும் எடுத்துக்கொண்டு வா, ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பா